மறு: 7ஆம் வகுப்புக்கு மஞ்சள் பேப்பர், எலுமிச்சை விட்டா நிறம் மாறல

மஞ்சள்தூள் தடவின பேப்பர் எலுமிச்சைக்கு மாறவே மாறாது டீச்சர், உங்க பேப்பர்ல தப்பு இல்ல. மஞ்சள் அமிலத்துல மஞ்சளாவேதான் இருக்கும், காரம் (சோப்பு, சுண்ணாம்பு மாதிரி) பட்டாதான் செங்காவியா மாறும். ஆரத்தித் தண்ணி எப்படி சிவக்குது, மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்றதாலதானே, அதேதான் இது.

சோப்புத் தண்ணிக்கும் மாறலன்னு எழுதியிருக்கீங்க, அது அனேகமா பாத்திரம் கழுவுற ஜெல்லா இருக்கும், நிறைய ஜெல்லுல காரம் ரொம்பக் கம்மி. துணி துவைக்கிற பார் சோப்பைக் கரைச்சுப் பாருங்க.

1. ஒரு சொட்டு சோப்புத் தண்ணி விட்டு சிவக்குதான்னு பாருங்க.
2. சிவந்த இடத்துமேலயே எலுமிச்சைச் சாறு விடுங்க, திரும்ப மஞ்சளாயிடும். பிள்ளைங்க "ஹே"ன்னு கத்துறது இங்கதான்.

அமிலத்தைத் தனியா காட்டணும்னா செம்பருத்தி இதழை வெந்நீர்ல ஊற வெச்சு வடிகட்டிக்கோங்க, எலுமிச்சைக்கு அடர் ரோஸ், சோப்புக்குப் பச்சை.

சுண்ணாம்பு மட்டும் பிள்ளைங்க கையில குடுக்காதீங்க, கண்ணுல பட்டா ஆபத்து, தெளிஞ்ச தண்ணிய நீங்களே சொட்டு விடுங்க. வெள்ளைச் சட்டையில மஞ்சள் பட்டா அம்மாக்கள் கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்!

மிச்ச பேப்பரைத் தூக்கிப் போடாதீங்க, தென்னங்குச்சியில பஞ்சு சுத்தி சோப்புத் தண்ணியில தொட்டு, அந்தப் பேப்பர்லயே பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளையப் பத்தி ஒரு நல்ல விஷயம் எழுதச் சொல்லுங்க, வாயே திறக்காத என் கடைசி பெஞ்ச் பையன் அன்னிக்கு மூணு கார்டு எழுதினான்.