தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து ரத்தக்குழாய் உருவாக்கும் செல்களை எப்படிப் பிரித்து அடையாளம் காண்கிறார்கள்?

ரத்தக்குழாயின் உட்சுவரில் வழவழப்பான செல் அடுக்கு ஒன்று இருக்கிறது. அந்த அடுக்கைப் புதிதாக உருவாக்கக்கூடிய இளம் செல்கள் சில ரத்தத்திலேயே மிதக்கின்றன. பெரியவர்களின் ரத்தத்தில் இவை மிக அரிது. தொப்புள்கொடி ரத்தத்தில் கூடுதலாகக் கிடைக்கும், வேகமாகவும் பெருகும், ஏனென்றால் அவை இன்னும் அதிக முறை பிரிந்து களைக்காத செல்கள்.

குழந்தை பிறந்து கொடியை வெட்டிய பிறகு, நஞ்சுக்கொடிப் பக்கம் மிஞ்சும் ரத்தத்தைச் சேகரிக்கிறார்கள். அதை ஓர் அடர்த்தியான திரவத்தின் மேல் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும், தேவையான செல்கள் நடுவில் மெல்லிய வெண்படலமாக நிற்கும். அந்தப் படலத்திலும் நாம் தேடுவது கோடிக்கணக்கான செல்களில் ஒரு சிலதான். சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கலந்துபோன விதைகளை விதைத்து, முளைத்ததைப் பார்த்து இனம் காண்பது போலத்தான். கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதம் பூசிய தட்டில், செல்களைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளோடு வளர்த்தால், சுமார் ஒரு வாரத்தில் கூழாங்கல் பதித்த தரை போன்ற திட்டுகள் தெரியும்.

அப்புறம்தான் சோதனை. ரத்தக்குழாய் உட்சுவர் செல்களின் மேற்பரப்பில் காணப்படும் சிடி31 என்ற புரதம் இருக்க வேண்டும், ரத்த வெள்ளணுக்களுக்கு உரிய சிடி45 என்ற புரதம் இருக்கக் கூடாது. என்னைக் கேட்டால் முக்கியமான சோதனை வேறு: எலியின் உடலில் வைத்தால் இவை ரத்தம் ஓடும் குழாய்களாக மாற வேண்டும்.

1997-இல் அசஹாரா என்ற ஆராய்ச்சியாளரின் குழு இத்தகைய செல்களைப் பற்றி எழுதிய பிறகு, தட்டில் சில நாட்களிலேயே தோன்றும் திட்டுகளையும் பலர் இதே வகை என்று நம்பினார்கள். அவை பெரும்பாலும் வெள்ளணுக்கள், குழாய் வளர உதவுமே தவிர தாமே குழாயாக மாறுவதில்லை.