நுண்துளைப் பாலிமர்: சாயநீர் உறிஞ்சலும் வினையூக்கமும் (கேள்வி பதில்)

முதுகலை மாணவி, காரைக்குடி: பென்சீன் வளையங்களை ஒன்றோடொன்று பின்னிச் செய்த நுண்துளைப் பாலிமர், எவ்வளவு கழுவியும் செம்பழுப்பாகவே இருக்கிறது சார். அளவு தவறா?

1.56 கிராம் பென்சீன், 4.56 கிராம் டைமெத்தாக்சிமீத்தேன், 20 மி.லி. டைகுளோரோஈத்தேன், 9.75 கிராம் நீரற்ற ஃபெரிக் குளோரைடு (வினையூக்கியாகும் இரும்பு உப்பு); 45 டிகிரியில் 5 மணி நேரம், பிறகு 80-இல் 19 மணி நேரம். இதுதான் அளவென்றால் தவறில்லை. பாலிமரே பழுப்புதான், அதன் நிறத்தைப் பார்க்காதீர்கள். கழுவிய மெத்தனால் நிறமற்று வருகிறதா என்று பாருங்கள். அதன்பின் சாக்ஸ்லெட்டில் (சூடான கரைப்பானால் திரும்பத் திரும்பக் கழுவும் கண்ணாடிக் கருவி) மெத்தனாலோடு 24 மணி நேரம். சந்தேகமிருந்தால் கொஞ்சம் எரித்து, சாம்பலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து அம்மோனியம் தயோசயனேட் விடுங்கள். ரத்தச் சிவப்பு வந்தால் இரும்பு உள்ளே இருக்கிறது. இரும்பு இருக்கும்போதே பாலிமரின் வினையூக்கத்தைப் (வினையை வேகப்படுத்தும் திறன்) பார்த்தால், இரும்பு செய்த வேலை பாலிமர் கணக்கில் ஏறிவிடும்.

சாயப்பட்டறைக்காரர், காரைக்குடி: கண்டாங்கிக்கு நூல் சாயம் போடுகிறோம். கழிவுநீரில் உள்ள சாயத்தை எந்தப் பாலிமர் பிடிக்கும்?

ரியாக்டிவ் சாயமா அண்ணே? அது எதிர்மின்சுமை கொண்டது. சல்போனிக் தொகுதி ஏற்றிய பாலிமரும் எதிர்மின்சுமைதான், அதை விரட்டும். அமீன் ஏற்றியதும் உங்கள் தொட்டியில் படுத்துவிடும், ஏனென்றால் சலவைச் சோடா போட்ட நீரின் பிஎச் 11-ஐ ஒட்டி இருக்கும். அங்கே அமீனுக்கு நேர்மின்சுமை வராது. எந்தப் பிஎச்சிலும் நேர்மின்சுமையோடு இருக்கும் நான்கிணைய அம்மோனியம்தான் தாங்கும். ஆனால் சாயத்தோடு போட்ட உப்பும் அதே இடத்துக்குப் போட்டி போடும். ஆகவே காய்ச்சிவடித்த நீரில் கிடைத்த எண்ணை நம்பிப் பணம் போடாதீர்கள், உங்கள் தொட்டி நீரிலேயே சோதியுங்கள். பொடி மிதந்தால் முதலில் மெத்தனாலில் நனைத்து, நீரில் கழுவிப் போடுங்கள்.

தேவகோட்டை: என் பாலிமரால் மெத்திலீன் புளூ (சோதனைக்கு எடுக்கும் நீலச் சாயம்) 99 சதவீதம் நீங்கியது. நல்ல முடிவுதானே?

சொல்ல முடியாது தம்பி. 50 மி.லி.யில் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மி.கி.) என்றால் மொத்தச் சாயமே 0.5 மி.கி. அதில் 20 மி.கி. பாலிமர் போட்டால், முழுதும் இழுத்தாலும் கிராமுக்கு 25 மி.கி.தான் காட்டும். சாயத்தின் செறிவை 20 முதல் 500 பிபிஎம் வரை ஏற்றிப் பாருங்கள். வடிதாளே இந்தச் சாயத்தைப் பிடிக்கும், சென்ட்ரிஃப்யூஜில் பிரியுங்கள்.

பள்ளத்தூர்: சல்போனிக் தொகுதி ஏற்றிய பாலிமர் வினையூக்கியின் திறன், மூன்றாம் முறை பயன்படுத்தும்போது பாதியாகிறது. ஏன்?

குளோரோசல்போனிக் அமிலம் போட்டபின் துளைக்குள் தங்கிய கந்தக அமிலம் கசிந்திருக்கலாம். கழுவுநீரில் பேரியம் குளோரைடு விட்டு பாருங்கள், வெண்கலங்கல் வராமல் போகும்வரை வெந்நீரில் கழுவுங்கள். பிறகு 100 மி.கி.யை உப்புக்கரைசலில் ஓரிரவு கலக்கி, வடிநீரை 0.02 மோலார் காரத்தோடு தரம்பாருங்கள் (டைட்ரேஷன்), 10 மி.லி. பிடித்தால் கிராமுக்கு 2 மில்லிமோல் அமிலத் தொகுதி. கசிவைச் சோதிக்க, வினை பாதியில் இருக்கும்போது சூடாகவே வடிகட்டி, வடிநீரைத் தொடர்ந்து சூடாக்குங்கள். அதிலும் விளைபொருள் கூடினால் கசிவு உறுதி.