முதலில் படகு

அன்புள்ள ஐயா,

மலையிலிருந்து பாராகிளைடரில், அதாவது கயிறு கட்டிய துணிச் சிறகில் பறப்பது பற்றியும் சென்னையில் பாய்மரப் படகு ஓட்டுவது பற்றியும் நீங்கள் எழுதியவற்றைப் படித்திருக்கிறேன். போன அக்டோபரில் குடும்பத்தோடு ஹிமாச்சல் போனபோது பீர்-பில்லிங்கில் நானும் டேண்டம், அதாவது ஓட்டுபவர் ஒருவரோடு சேர்ந்து, பறந்தேன். இருபது நிமிடம் இருக்கும். அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. தனியாகப் பறக்கக் கற்றுக்கொள்ள ஆசை. வயது 44. என் மனைவி பிடிவாதமாக மறுக்கிறார். "வேணும்னா அவர் எழுதுற அந்தப் படகை ஓட்டுங்க, நீச்சலாவது தெரியும்" என்கிறார். இரண்டில் எதை முதலில் கற்பது? எது அதிக ஆபத்து? தெரிந்தவர் ஒருவர் தன் பழைய கிளைடரை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

இந்த வழக்கில் நான் உங்கள் மனைவி கட்சி. முதலில் படகுதான். ஆனால் நீச்சல் தெரியும் என்பதற்காக அல்ல. காலிங்கராயன் வாய்க்காலில் பழகிய நீச்சல் கடலில் ஓரளவுக்குத்தான் உதவும். அங்கே உயிரைக் காப்பது லைஃப் ஜாக்கெட்.

பீரில் நீங்கள் பறந்தீர்கள் என்பதைவிட, உங்களைப் பறக்கவைத்தார்கள் என்பதே சரி. பில்லிங்கில் ஓடிக் கிளம்பும் இடம் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும்வரை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தவர் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எந்தச் சரிவில் வெயில் பட்டு வெப்பக்காற்று எழும்புகிறது, பக்கத்தில் வரும் கிளைடர் எந்தப் பக்கம் திரும்பும், மலைக்குப் பின்னால் மேகம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எல்லாமே அவர் தலைவலி. நீங்கள் தௌலாதார் மலைத்தொடரின் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காசு கொடுத்தது அதற்குத்தான், தப்பில்லை. தனியாகப் பறக்கும்போது அந்தக் கணக்கு மொத்தமும் உங்கள் தலையில் விழும். அதைப் படிக்க நான் பார்த்தவரை படகைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

காற்றைக் கண்ணால் பார்க்க முடிவது தண்ணீரின்மேல்தான். பலமான வீச்சு ஒன்று வருகிறது என்றால் அதற்கு முன்னால் நீர்ப்பரப்பு கறுத்துச் சிலிர்த்துக்கொண்டு நம்மை நோக்கி ஓடி வரும். பாயின் கயிற்றைத் தளர்த்த உங்களுக்குச் சில விநாடிகள் கிடைக்கும். தளர்த்தாவிட்டால் லேசர் என்ற ஒற்றை ஆள் பாய்மரப் படகு மாதிரிச் சின்னப் படகு கவிழும். கவிழட்டும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் டேகர்போர்டு என்ற பலகையின்மேல் ஏறி நின்று இழுத்தால் நிமிர்ந்துவிடும். உப்புத்தண்ணீரைத் துப்பிவிட்டு மறுபடி ஓட்டலாம். காற்றைத் தப்பாகப் படித்ததற்கு அங்கே விதிக்கப்படும் தண்டனை பெரும்பாலும் இவ்வளவுதான்.

அந்த டேகர்போர்டில்தான் இரண்டு விளையாட்டுக்குமான முக்கிய வித்தியாசமே இருக்கிறது. காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளும்போது பலகை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சறுக்கவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் படகால் எதிர்காற்றிலும் முன்னேற முடிகிறது. நேராகப் போக முடியாது. காற்று வரும் திசைக்கு 45 டிகிரி அளவுக்கு ஒரு பக்கம் ஒதுங்கிக் கொஞ்ச தூரம், திரும்பி மறுபக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்து போகலாம். பிடித்துக்கொள்ள நீர், தள்ளுவதற்குக் காற்று.

கிளைடருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அது முழுக்க முழுக்கக் காற்றுக்குள்ளேயே இருக்கிறது. கற்பவர்களுக்கான கிளைடர், காற்று வீசாதபோது, சாதாரணமாக மணிக்கு 35 கிலோமீட்டர் போல ஓடும். எதிர்காற்று 25 என்றால் தரைக்கு மேல் நீங்கள் நகர்வது 10. எதிர்காற்று 40 ஆனால் பின்னால் போகிறீர்கள். ஆனால் முகத்தில் அடிக்கும் காற்று மூன்று நிலையிலும் அதே 35தான்! படகில் முகமும் காதும் சொல்லும் சேதியை மேலே நம்ப முடியாது. கீழே இருக்கும் மரத்தையும் தோட்டத்தையும் பார்த்துத்தான் நாம் போகிறோமா நிற்கிறோமா என்று கண்டுபிடிக்க வேண்டும். காற்று பிடிக்கவில்லை, நிறுத்திக்கொள்ளலாம் என்றாலும் வழியில்லை. இரண்டு கையிலும் இருக்கும் பிரேக் கயிறுகளை முழுக்க இழுத்துப் பிடித்தால் கிளைடர் நிற்காது, விழும்.

மேலே ஏறுவதும் நம் இஷ்டம் அல்ல. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் ஏவா விஸ்னியர்ஸ்கா என்ற ஜெர்மன் வீராங்கனையை ஒரு இடிமேகம் உள்ளே இழுத்து 9,946 மீட்டர் வரை தூக்கிக்கொண்டு போனது. எவரெஸ்டைவிட உயரம். உடம்பெல்லாம் பனி மூடி, நினைவிழந்து, அப்படியும் பிழைத்து வந்தார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் பிழைக்கவில்லை. இரண்டு பேருமே தேர்ந்தவர்கள்.

ஆகவே எது அதிக ஆபத்து என்ற கேள்விக்கு நான் சுற்றி வளைக்க விரும்பவில்லை. பறப்பதுதான். நீங்கள் பறந்த அதே பீரில் 2024 அக்டோபரில் இரண்டு கிளைடர்கள் நடுவானில் மோதி பெல்ஜியத்துக்காரர் ஒருவர் இறந்தார். அக்டோபர் என்றால் அங்கே வானத்தில் அவ்வளவு கூட்டம். கடலும் சாது இல்லைதான். 2018இல் தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் நம் நாட்டு மாலுமி அபிலாஷ் டோமியின் பாய்மரம் முறிந்து, முதுகு அடிபட்டு, இந்தியப் பெருங்கடலின் தெற்கே படுத்த படுக்கையாகக் கிடந்து மீட்கப்பட்டார். அவர் ஆள் வேறு ரகம், அதே பந்தயத்துக்குத் திரும்பிப் போய் 2023இல் இரண்டாவதாக வந்தார். ஆனால் அது மகாசமுத்திரக் கதை. துறைமுகச் சுவருக்குள், மீட்புப் படகு பக்கத்தில் சுற்றும் பயிற்சி வகுப்பை அதோடு சேர்க்கக்கூடாது.

சென்னையில் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, தமிழ்நாடு செயிலிங் அசோசியேஷன் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் லேசர் ரேடியல் வகைப் படகு ஓட்டிய நேத்ரா குமணன் சென்னைப் பெண்தான். 44 வயதுக்கு ஒலிம்பிக் கனவு வேண்டாம், சுக்கானைத் திருப்பும் டில்லர் கட்டையை எந்தப் பக்கம் தள்ளினால் படகு எந்தப் பக்கம் திரும்பும் என்பது கைக்குப் பழகினால் போதும். மனைவியையும் கூட்டிப் போங்கள். இருவர் ஓட்டும் படகுகள் உண்டு. கயிறு அவர் கையில் இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது.

அப்புறம் பறக்கலாம். மகாராஷ்டிராவில் லோனாவ்லா பக்கம் காம்ஷெட்டில் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. முதலில் மலையில் ஏற்ற மாட்டார்கள். மைதானத்தில் நிற்கவைத்து, கிளைடரைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தப் பழக்குவார்கள். புதிதாக வருபவர்களுக்கு அது அலுப்பாக இருக்கும். பாய் ஓட்டிய கைக்கு அதுவே பாதி விளையாட்டு, துணி எப்போது நிறைகிறது, எப்போது சரியப்போகிறது என்பதைக் கயிறே சொல்லிவிடும். பீருக்கு அதற்குப் பிறகு போங்கள். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத் தடை, அந்த நாட்களில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

பழைய கிளைடர் விஷயம். அது நைலான் துணி. வெயில் பட்டுப் பட்டு நையும், காற்றைக் கசியவிடும். பார்த்தால் புதிது போலவே இருக்கும். கயிறுகளின் நீளமும் காலப்போக்கில் மாறும். ஒவ்வொரு கிளைடரும் இத்தனை கிலோ முதல் இத்தனை கிலோ வரை என்று எடை வரம்போடுதான் வருகிறது. பயிற்சி முடியும்வரை பள்ளி கொடுப்பதிலேயே பறங்கள். உங்கள் நண்பரிடம் எத்தனை மணி நேரம் பறந்தது, கடைசியாக எப்போது பரிசோதித்தது, எடை வரம்பு என்ன என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வராவிட்டால், மஞ்சள் காயப்போட வேண்டுமானால் வாங்கலாம்.