அலி அடி எடுத்து வைக்காத இடம்

அன்புள்ள ஐயா,

குத்துச்சண்டை வீரர் முகமது அலி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வாய்ச்சவடாலிலேயே வளர்ந்தவர் அவர். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததும் அந்த வேஷத்தில் ஒன்றுதானே? 1980ல் அமெரிக்க அதிபர் கார்ட்டருக்காகத் தூது போனார், 1984 அதிபர் தேர்தலில் ரீகனை ஆதரித்தார். இவரைக் கொள்கைக்காரர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சவடால் உண்மைதான். 1964ல் அப்போதைய சாம்பியன் லிஸ்டனைக் கரடி என்று கேலி செய்து ஊரையே கூட்டியவர். அது டிக்கெட் விற்கும் வித்தை.

ஆனால் 1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன். ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் இடத்தில் காசியஸ் கிளே என்ற அவரது பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு அடி முன்னால் வைத்தால் சேர்ந்துவிட்டதாக அர்த்தம். அவர் நகரவில்லை. முன்னோடி சாம்பியன் ஜோ லூயிஸ் இரண்டாம் உலகப்போரில் சீருடை போட்டுக்கொண்டு காட்சிப் போட்டிகள் ஆடினார். அலியும் அப்படி ஆபத்தில்லாமல் காலம் தள்ளியிருக்கலாம். வேஷக்காரர் அதைத்தான் செய்திருப்பார். அலிக்குப் பட்டம் போனது, உரிமம் போனது, பாஸ்போர்ட் போனது. ஐந்து ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டால் சிறைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். 25 வயதிலிருந்து 28 வரை, கால்கள் பறக்கும் வயதில், வளையத்துக்கு வெளியே நின்றார். 1971ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்யும் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

1980 வேறு கதை. இந்தியாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தவரை, மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல்லி ஆப்பிரிக்க நாடுகளைக் கேட்க கார்ட்டர் அனுப்பினார். தான்சானியாவில் அதிபர் நைரேரே சந்திக்கவே மறுத்துவிட்டார். தென்னாப்பிரிக்க விவகாரத்தில் நாங்கள் 1976 ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது அமெரிக்கா எங்கே போயிருந்தது என்று அங்கே கேட்டார்கள். அது தனக்குத் தெரியாது என்று அலி வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். தன் சொல்லுக்குத் தானே விலை கொடுத்தபோது உலகம் அவரைக் கேட்டது. அரசாங்கத்தின் சொல்லைச் சுமந்து போனபோது கேட்கவில்லை. அவருடைய செல்வாக்கு இருந்தது அவர் விலை கொடுத்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ரீகன் விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான், சமாதானம் சொல்ல மாட்டேன்.

அப்புறம், உங்கள் இடத்தில் நான் இருந்தால் அலியோடு மோதிய குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியரைப் பற்றித்தான் கேட்டிருப்பேன். தடை காலத்தில் அலிக்குப் பணம் கொடுத்து உதவியவர், உரிமம் திரும்பக் கிடைக்கப் பேசியவர். அவரை அலி வெள்ளையருக்கு அடிமை என்றார், 1975ல் மணிலாவில் இருவரும் மோதிய போட்டிக்கு முன் கொரில்லா குரங்கு என்றார். ஒரு கறுப்பர் இன்னொரு கறுப்பரைச் சொன்ன சொல் அது. ஃப்ரேசியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்க வேண்டியிருந்தது. 2001ல் அலி மன்னிப்புக் கேட்டார். 2011ல் ஃப்ரேசியரின் இறுதிச் சடங்குக்கு, நடுங்கும் உடம்போடு வந்து உட்கார்ந்திருந்தார்.