நோங்சாவுக்குப் பாய்மரப் படகில்: முதல்முறை போகிறவருக்கு

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் மேலாளர் ஒரு படகுக் கழக உறுப்பினர். வார இறுதியில் ஆறேழு பாய்மரப் படகுகள் சேர்ந்து இந்தோனீசியாவின் பாத்தாம் தீவில் உள்ள நோங்சா மரினாவுக்கு (உல்லாசப் படகுத்துறை) போகின்றன. எங்களையும் அழைத்திருக்கிறார். நான், மனைவி, ஒன்பது வயது மகள். மூவருக்கும் படகு புதிது. சைவம். நிரந்தரவாசிகள், இந்தியக் கடப்பிதழ். குமட்டல்தான் பெரிய பயம். என்னென்ன தயார் செய்யவேண்டும்?"

தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் பயப்படவேண்டிய இடம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தாள் வேலை. படகில் யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலைக் கேப்டன் முன்கூட்டியே கொடுக்கவேண்டும். அதனால் முந்தைய நாள் இரவு "மாமியாரும் வரலாமா?" என்று கேட்காதீர்கள். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகவேண்டும். உங்கள் மறுநுழைவு அனுமதியையும் பாருங்கள், பலர் அதைத்தான் மறக்கிறார்கள். இந்தோனீசியாவுக்குள் நுழைய ஆசியான் நாட்டவருக்கு இருக்கும் வசதி இந்தியக் கடப்பிதழுக்கு அப்படியே கிடைக்காது. விசா விவரத்தை இந்தோனீசியக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டு, கேப்டனிடமும் சொல்லிவையுங்கள். ஃபெரி முனையம் போல வரிசையில் நிற்கும் வேலை இருக்காது. நான் போன நாள்களில் சிங்கப்பூரில் நங்கூரமிடும் பகுதியில் குடிநுழைவுப் படகு பக்கத்தில் வரும், அதிகாரி ஒரு வலையை நீட்டுவார், கடப்பிதழ்களை அதில் போடவேண்டும். மகளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருக்கும்.

சிங்கப்பூர் நீரிணையில் கிழக்கும் மேற்குமாகப் பெருங்கப்பல்களுக்குத் தனித்தனிப் பாதைகள் உண்டு. நம் படகு அதைக் கூடியவரை செங்குத்தாக, சீக்கிரம் கடக்கவேண்டும், அவற்றின் வழியை மறிக்கக்கூடாது. தூரத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும் கொள்கலன் கப்பல் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) வேகத்தில் வந்தாலே நிமிடத்துக்கு 460 மீட்டர் நெருங்கிவிடும். அந்த நேரத்தில் சுக்கான் பிடிப்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். பாயை இறக்கி எஞ்சினைப் போட்டால் ஏமாற்றம் வேண்டாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையிலோ முற்பகலிலோ 'சுமத்ரா' புயற்காற்று அடிப்பது வழக்கம். புறப்பாட்டைக் கேப்டன் தள்ளிவைத்தால் அது நல்ல கேப்டன் என்பதற்கு அடையாளம்.

குமட்டல். மாத்திரை போடுவதாக இருந்தால் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள், தலை சுற்றத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. மகளுக்கான அளவை மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் வயிறு இன்னும் மோசம், ஆளுக்கு இரண்டு இட்லி போதும். படகின் பின்பகுதியில் காற்றுப் படும்படி உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். கைப்பேசி வேண்டாம். ஒருமுறை நான் 'சும்மா ஐந்து நிமிடம்' என்று கீழே போய் சாம்பாரைச் சூடு பண்ணினேன். டீசல் வாடை, ஆட்டம், பெருங்காய மணம் மூன்றும் சேர்ந்ததில் வயிறு கையில் வந்துவிட்டது. பாதிச் சாம்பார் தேக்குமரத் தளத்தில் கொட்டி, மஞ்சள் கறை போக ஒரு மாதம் ஆயிற்று. இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும். வாந்தி வந்தால் காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஓரமாக, ஒருவர் உங்களைப் பிடித்திருக்க.

இப்போது அந்த வேறு இடம். நடுக்கடலைவிட, மரினாவில் படகைக் கட்டும் இரண்டு நிமிடத்தில்தான் விரல் நசுங்குகிறது, கால் உடைகிறது. பத்து மீட்டர் படகு நாலைந்து டன் இருக்கும். மேடையில் மோதப்போகிறது என்று தோன்றினாலும் கையாலோ காலாலோ தள்ளாதீர்கள், குதித்து இறங்காதீர்கள். சொல்லும்வரை உட்கார்ந்திருப்பதே உதவி. மகளுக்கு மிதவைச் சட்டை கடலில் மட்டுமல்ல, கட்டியபின் மிதக்கும் மேடையில் ஓடியாடும்போதும் வேண்டும்.

சாமான் விஷயம் சுருக்கம்: மடங்கும் துணிப்பை, கறுப்பு அடி இல்லாத காலணி. படகுக் கழிவறைக்குள் தாள் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள், பெரும்பாலும் கூடாது. மாலையில் எல்லாப் படகுக்காரர்களும் ஆளுக்கொரு பதார்த்தத்தோடு கூடுவார்கள். புளியோதரை கெடாது. ஒரு டப்பா முறுக்கைத் திறந்துவையுங்கள், அறிமுகம் தானாக நடக்கும். எரிபொருள், மரினாக் கட்டணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று மேலாளரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பியதும் தளத்தைக் கழுவிக் கொடுங்கள், அதைத்தான் நினைவில் வைத்திருப்பார்.

வெளியே 48 மணி நேரம் இருந்தால்தான் மதுபானத்துக்குத் தீர்வை விலக்கு, எனவே சனி போய் ஞாயிறு வரும் உங்களுக்கு அது இல்லை. இன்னொன்று: பாத்தாம் நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். ஞாயிறு ஒன்பது மணிக்குப் புறப்பாடு என்றால், எந்த ஊர் ஒன்பது என்று கேட்டுவிடுங்கள்.