இரண்டாவதாக வந்தவர்

அன்புள்ள சார்,

1947-இல் அமெரிக்க பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்து மேஜர் லீகுக்குள் வந்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் பற்றிய கட்டுரையில் லாரி டோபியின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். யார் இவர் என்று தேடிப் பார்த்தேன். முதல் வருட பேட்டிங் சராசரி வெறும் .156 (ஆயிரம் முறைக்கு 156 ஹிட் என்ற கணக்கு). பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் மொத்தம் 253தான். ராபின்சன் கதவைத் திறந்துவிட்ட பிறகு உள்ளே வந்தவருக்கு அப்படி என்ன கஷ்டம் இருந்திருக்கும்? பேஸ்பாலின் கௌரவ மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இவரைச் சேர்த்தது ஒரு சலுகைதானா?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

மேஜர் லீகில் இரண்டு பிரிவுகள். ராபின்சன் திறந்தது நேஷனல் லீகின் கதவை. டோபி போனது அமெரிக்கன் லீகுக்கு. அந்தக் காலத்தில் இரண்டும் ஏறக்குறைய தனித்தனி ராஜ்ஜியங்கள். வேறு அணிகள், வேறு பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்), வேறு ரசிகர்கள். டோபி வந்தது ராபின்சனுக்குப் பதினோரு வாரம் கழித்து. அதற்குள் அமெரிக்கா திருந்திவிடுமா என்ன?

ராபின்சனை இறக்குவதற்கு முன் 1946 முழுக்க டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணியான மான்ட்ரியாலில் ஆட வைத்துத் தயார்செய்தார்கள். டோபிக்கு அது கிடைக்கவில்லை. 1947 ஜூலை 4 அன்று கறுப்பின வீரர்களின் லீகில் நியூஆர்க் ஈகிள்ஸ் அணிக்கு ஆடினார். மறுநாள் சிகாகோவில் க்ளீவ்லாண்ட் சட்டையோடு நின்றார். வயது 23. (ராபின்சனை எடுத்தபோது அவருடைய பழைய அணிக்கு டாட்ஜர்ஸ் காலணாகூடத் தரவில்லை. க்ளீவ்லாண்ட் உரிமையாளர் பில் வீக், ஈகிள்ஸை நடத்திய எஃபா மேன்லி அம்மாளுக்குப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார், ஆள் நிலைத்தால் இன்னும் ஐயாயிரம் என்ற பேச்சோடு.) புது அணிக்காரர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தபோது சிலர் கையே கொடுக்கவில்லை என்று டோபி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அன்று மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆனார்.

சரி, அந்த .156-க்கு வருவோம். அது 32 முறை மட்டை பிடித்து அடித்த 5 ஹிட். அவர் இரண்டாவது பேஸைக் காக்கும் செகண்ட் பேஸ் ஆட்டக்காரர். க்ளீவ்லாண்டில் அந்த இடத்தில் ஜோ கார்டன் என்ற நட்சத்திரம் இருந்தார். அதனால் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, எப்போதாவது எழுந்து போய் ஒரு பந்தைச் சந்திக்க வேண்டிய நிலை. அப்படி ஆடி யார் சராசரியைக் காப்பாற்ற முடியும்?

1948-இல் அவரை மைதானத்தின் வெளிவட்டமான அவுட்ஃபீல்டுக்கு அனுப்பினார்கள். பழக்கமே இல்லாத வேலை. உயரமாக வரும் பந்து எங்கே விழும் என்று மட்டை சத்தம் கேட்ட நொடியில் கணித்து, முதுகைக் காட்டிக்கொண்டு ஓட வேண்டும். க்ளீவ்லாண்டின் பழைய ஜாம்பவான் ட்ரிஸ் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தார். அந்த வருடமே டோபி .301 அடித்தார், அணி இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது.

நான்காவது ஆட்டத்தில், 81,000-க்கும் அதிகமான கூட்டத்தின் முன்னால், பாஸ்டனின் ஜானி செயின் வீசிய பந்தை டோபி ஹோம் ரன் அடித்தார். க்ளீவ்லாண்ட் 2-1 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. அன்றைய வெற்றி பிட்சர் ஸ்டீவ் க்ரோமெக்கும் டோபியும் கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் ஒட்டிச் சிரிக்கிறார்கள். க்ரோமெக் வெள்ளைக்காரர். 1948-இல் அப்படி ஒரு படம் செய்தித்தாளில் வருவது லேசான காரியம் அல்ல. அதற்காக க்ரோமெக்குக்கு வசையும் வந்தது.

இத்தனைக்கும் பிறகு வசந்தகாலப் பயிற்சிக்கு அரிசோனாவின் டூசான் போனால், அணி தங்கும் ஹோட்டலில் டோபிக்கு அறை கிடையாது. ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில்தான் தங்கல். ஹோம் ரன் அடித்தவனுக்கும் அதே விதிதான்.

1954-இல் க்ளீவ்லாண்ட் 111 ஆட்டங்களை ஜெயித்தபோது, ஹோம் ரன்னிலும் ரன் சேர்த்துக் கொடுத்ததிலும் அமெரிக்கன் லீகில் முதலிடம் டோபிக்கு: 32, 126. அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது யோகி பெர்ராவுக்குப் போனது. டோபி இரண்டாவது. வேர்ல்ட் சீரிஸில் நியூயார்க் ஜெயன்ட்ஸிடம் 4-0 என்று உதை. ஜெயன்ட்ஸின் வில்லி மேஸ் முதுகைக் காட்டி ஓடிப் பிடித்த அந்தப் புகழ்பெற்ற கேட்சைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போது இரண்டாவது பேஸில் நின்றவர் டோபி. மேஸ் கோட்டைவிட்டிருந்தால் ஓடிவந்து ரன் எடுத்திருப்பார். அந்தத் தொடரில் டோபியின் மட்டையும் பேசவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் 1978-இல் சிகாகோ வொயிட் சாக்ஸின் மேனேஜர் ஆனார். பதவி கொடுத்தது மறுபடியும் வீக். மேஜர் லீகில் அப்பதவிக்கு வந்த கறுப்பினத்தவர்களில் அங்கும் இரண்டாவதுதான், ஃப்ராங்க் ராபின்சனுக்கு (ஜாக்கி அல்ல) அடுத்து. கிடைத்ததும் ஏறக்குறைய அரை சீசன்தான்.

சலுகையா என்று கேட்டீர்கள். மேஸ், மான்டில் போன்ற மாபெரும் வீரர்களின் வரிசையில் டோபியை நான் வைக்க மாட்டேன். ஆனால் 1949 முதல் ஏழு வருடம் தொடர்ந்து ஆல்-ஸ்டார் (லீகின் சிறந்த வீரர்களைச் சேர்த்த அணி), இரண்டு முறை லீகின் ஹோம் ரன் முதலிடம், ஐந்து சீசன்களில் நூறுக்கு மேல் ரன் சேர்த்துக் கொடுத்தவர், அதுவும் அவுட்ஃபீல்டின் நடுப்பகுதியான சென்டர் ஃபீல்டில் ஓடிக்கொண்டே. ராபின்சனுக்கு ஹால் ஆஃப் ஃபேம் 1962-இல் கிடைத்தது, டோபிக்கு 1998-இல். முப்பத்தாறு வருடம் காக்கவைத்துவிட்டுக் கொடுத்ததைச் சலுகை என்று எப்படிச் சொல்வது? அடுத்த முறை அவருடைய கணக்கைத் திறந்தால் 1947-ஐத் தாண்டிவிட்டு, 1948 முதல் 1956 வரை வரிசையாகப் படித்துப் பாருங்கள்.