பொட்டு, பொரி, சான்றிதழ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வாசகர்கள் எழுதியவை. எழுதியவர்களின் வயதும் தொழிலும் வேறு வேறாக இருந்தாலும், கிறிஸ்தவர்கள் அதிகம் இல்லாத இடத்தில் விசுவாசத்தை விட்டுக்கொடுக்காமல் வாழ்வது எப்படி என்பதையே எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். நான்கு கடிதங்களைச் சுருக்கி, அவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் ஆபரேட்டராக இருக்கிறேன். எங்கள் ஷிப்டில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். ஆயுதபூஜை அன்று அவரவர் மெஷினை அவரவரே கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவது வழக்கம். சென்ற ஆண்டு விடுப்பு எடுத்துக்கொண்டேன். பயந்து ஓடிவிட்டான் என்று பேசினார்கள். இந்த ஆண்டு நானே முன்னால் நின்று செய்ய வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்கிறார். நான் என்ன செய்வது? பொரி பொட்டலத்தை வாங்குவதும் தவறா? (ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: தம்பி, உங்கள் நிலைமை எளிதானதன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில் பிறந்து வளர்ந்தவருக்கு ஊரே துணை நிற்கும். ஆலயமணி அடித்தால் தெருவே எழுந்து நடக்கும். ஷிப்டில் ஒருவராக நிற்கும் உங்களுக்கு அந்தத் துணை இல்லை. ஆகவே நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அந்த நாள் வருவதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். தட்டு கைக்கு வந்தபின் யோசிப்பவருக்கு யோசிக்க நேரம் கிடைப்பதில்லை.

பாபிலோன் ராஜாவின் அரண்மனைக்குச் சிறைப்பட்டுப் போன தானியேல் செய்ததைக் கவனித்துப் பாருங்கள். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் அவர் கற்றுக்கொண்டார். பெல்தெஷாத்சார் என்று தமக்கு இடப்பட்ட அந்நியப் பெயரையும் பொறுத்துக்கொண்டார். அந்த அரசனின் கீழேயே உண்மையாக வேலையும் பார்த்தார். ராஜாவின் போஜனத்தினால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று மட்டும் 'தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு', அதிகாரியிடம் போய் 'வேண்டிக்கொண்டான்' என்று வேதம் சொல்கிறது. அவர் அங்கே சண்டை போடவில்லை, அரண்மனையின் பழக்கத்தை இழிவாகப் பேசவுமில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று, அந்த அதிகாரிக்கும் தொல்லை வராத ஒரு வழியைத் தாமே சொன்னார்.

நீங்களும் அவ்வாறே செய்யலாம். பூஜைக்கு ஒரு வாரம் முன்பு, உணவு இடைவேளையில், நாலு பேர் சுற்றி நிற்காத நேரமாகப் பார்த்து சூப்பர்வைசரைத் தனியே சந்தியுங்கள். 'சார், மெஷினைக் கழுவி, எண்ணெய் துடைத்து, தரையைச் சுத்தம் செய்து, தோரணம் கட்டுவது வரை எல்லா வேலையும் நான் செய்கிறேன். கற்பூரம் காட்டுவதும் கும்பிடுவதும் என் விசுவாசப்படி என்னால் முடியாது. அதை மட்டும் வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள்' என்று பணிவாகச் சொல்லுங்கள். மெஷினைச் சுத்தம் செய்வது வேலை; அதில் விசுவாசத்துக்குக் குறைவு எதுவும் வராது. விடுப்பு எடுக்காமல் அங்கேயே நின்று எல்லாருக்கும் முன்னதாக வேலையை முடித்துவிட்டால், ஓடிவிட்டான் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. பெரும்பாலான சூப்பர்வைசர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள் என்றே நம்புகிறேன். அவர்களுக்கு வேண்டியது விழா குறையின்றி நடப்பதுதான். அவர் மறுத்து வற்புறுத்தினால், பணிவு குறையாமல் அதே பதிலை மறுபடியும் சொல்லுங்கள். விரும்பும் மதத்தைப் பின்பற்றும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு உங்களுக்கும் தருகிறது. ஆனால் அதை முதல் வார்த்தையாக எடுக்காதீர்கள். கூட வேலை செய்பவரிடம் சட்டம் பேசித் தொடங்கினால் உறவு அங்கேயே முறிந்துவிடும்.

பொரி பொட்டலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொரிந்து நகரத்தில் இதே கேள்வி எழுந்தது. ஒருவர் விருந்துக்கு அழைத்தால் மனச்சாட்சியினிமித்தம் ஒன்றையும் விசாரிக்காமல் உண்ணுங்கள் என்றும், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அவர் நிமித்தம் உண்ணாதிருங்கள் என்றும் பவுல் எழுதினார். ஆகவே படையலில் வைத்த பொரியைப் பிரசாதம் என்று சொல்லித் தந்தால், 'மன்னிக்கணும் அண்ணா' என்று சிரித்த முகத்தோடு மறுத்துவிடலாம். கடையில் வாங்கி எல்லாருக்கும் பொதுவாகப் பங்கிடும் பொரிகடலைப் பொட்டலத்தைச் சந்தேகத்தோடு புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தரையில் உடைத்த பூசணிக்காயின் துண்டுகளைப் பெருக்கி அள்ளும்போது முகம் சுளிக்கவும் வேண்டாம். வசூலுக்கு வந்தால், 'பூஜைச் செலவுக்கு வேண்டாம்; அன்றைய சாப்பாட்டுச் செலவில் என் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி, மற்றவர்கள் தருவதற்குக் குறையாமல் கொடுங்கள். கஞ்சத்தனத்துக்கு விசுவாசத்தைச் சாக்காக்குகிறான் என்ற பேச்சு வரக்கூடாது.

கேள்வி: அறையில் கூட இருப்பவர்கள் சம்பள நாளன்று குடிக்கிறார்கள். 'ஒரு பீர் குடித்தால் உன் சாமி கோபித்துக்கொள்வாரா?' என்று விடாமல் கூப்பிடுகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து கூல்டிரிங்ஸ் மட்டும் குடித்தால் போதாதா? (ஒரு வாசகர், பாகலூர்)

பதில்: போதாது. அவர்கள் கூப்பிடுவதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கே ஆசை இருக்கிறதா என்பதை எழுதவில்லை. 'அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்' என்கிறார் யாக்கோபு. ஆசை இருக்குமானால் அந்த இடத்தில் உட்காரவே கூடாது. போத்திபாரின் வீட்டில், எஜமானின் மனைவி பாவத்துக்கு அழைத்தபோது, யோசேப்பு வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினார். சம்பள நாள் மாலையில் ஊருக்குப் பஸ் ஏறிவிடுங்கள், அல்லது சபையில் உள்ள ஒரு குடும்பத்தின் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுங்கள். அறையை மாற்ற முடியுமானால் மாற்றிக்கொள்வதே நல்லது.

கேள்வி: நாங்கள் அரூர் வட்டத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். பெங்களூரில் கட்டட வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தேன். ஆதிதிராவிடர் சமூகம்; குடும்பமாக ஞானஸ்நானம் எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது இந்து என்றே போடச் சொல்கிறார்கள் உறவினர்கள். 'ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதை எந்த அதிகாரி வந்து பார்க்கப் போகிறான்?' என்கிறார்கள். மகளின் வாழ்க்கையைக் கெடுத்துவிடுவேனோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை. (ஒரு தகப்பனார், தருமபுரி மாவட்டம்)

பதில்: ஐயா, இம்மாதக் கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான்.

முதலில் சட்டத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். பட்டியல் சாதியினர் யார் என்று வரையறுத்த 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, அந்தத் தகுதியை இந்து மதத்தினரோடு கட்டிப்போட்டது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்று, ஆராதனைக்கும் போய்க்கொண்டு, வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் அப்படிக் கோருவது அரசமைப்புச் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த அதிகாரி பார்க்கப் போகிறான் என்பது அப்படி அலட்சியமாகச் சொல்லக்கூடிய பேச்சு அன்று. படித்து முடித்து வேலையில் சேர்ந்தபின் சான்றிதழ் ரத்தானால், அதன் சுமை முழுவதையும் உங்கள் மகள்தான் தாங்க வேண்டியிருக்கும்.

இந்த ஆணை நியாயமானதன்று என்பதே என் உறுதியான எண்ணம். ஞானஸ்நானம் எடுத்த மறுநாள் டீக்கடைக்காரர் உங்களை வேறு விதமாக நடத்தப் போவதில்லை. காலனிக்குப் போகும் பாதையும் மாறிவிடுவதில்லை. தமிழகத்துச் சபைகள் சிலவற்றில் கல்லறைகூடச் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்ததை நாம் அறிவோம். அப்படியிருக்க, பிழைப்புக்காக மதத்தை மாற்றி எழுதிய ஏழைத் தகப்பனை எந்தச் சபையும் பிரசங்க பீடத்திலிருந்து கடிந்துகொள்ள எனக்குத் தெரிந்து உரிமையில்லை. இந்த ஆணையை மாற்றக் கோரும் வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் நெடுங்காலமாக இருக்கின்றன. இதை ஆராய ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் ஆணையமும் அமைக்கப்பட்டது. கிறிஸ்தவர்கள் ஒன்றுகூடி வெளிப்படையாகக் கேட்டுப் பெற வேண்டிய உரிமை இது.

ஆனால் சட்டம் அநியாயமாக இருக்கிறது என்பதற்காக நீங்கள் பொய்யில் கையெழுத்திட வேண்டாம் என்றே சொல்வேன். முதல் கடிதத்துத் தம்பியிடம் கேட்கப்படுவது ஒரு நாள் சடங்கு. உங்கள் மகளிடம் கேட்கப்படுவதோ, 17 வயதில் தொடங்கி, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தான் கும்பிடும் ஆண்டவரைத் தனக்குத் தெரியாது என்று எழுதிக்கொண்டே போவது. திருமண அழைப்பிதழை அச்சடிக்கும்போதும், பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதும், சபைப் பதிவேட்டில் கையெழுத்திடும்போதும் அந்தப் பயம் அவளோடு வரும். வீட்டில் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்த தகப்பனே அதை மறைக்கவும் கற்றுக்கொடுத்தால் அந்தப் பிள்ளை எதைத்தான் நம்பும்?

உண்மையை எழுதினால் எல்லாக் கதவும் அடைபட்டுவிடும் என்று உறவினர்கள் சொல்வது சரியன்று. பிற்படுத்தப்பட்டோருக்கு மாநிலத்தில் 26.5 விழுக்காடு இடம் இருக்கிறது. போட்டி கடுமையானது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை, கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிட மாணவருக்கும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு, மருத்துவத்தில் 2020இலிருந்தும் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021இலிருந்தும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. அவ்வாறு படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இந்த இரண்டிலும் மதம் பார்ப்பதில்லை. மகளின் பள்ளிச் சான்றுகளை எடுத்துக்கொண்டு, சான்றிதழில் என்ன பதிய வேண்டும் என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் நேரில் விசாரித்துவிட்டு, பிறகு இ-சேவை மையத்துக்குப் போங்கள். உங்கள் போதகரிடமும் பேசுங்கள். சான்றிதழில் உண்மையை எழுதச் சொல்லும் சபை, அந்தப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில் பங்கெடுக்கவும் கடமைப்பட்டிருக்கிறது. இதை உங்கள் போதகரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறேன். முதல் வாரத்தில் ஒரு நண்பன் எல்லார் முன்னிலையிலும், 'நீ அல்லேலூயா கூட்டமாடா?' என்று கேட்டான். 'இல்லை' என்று சொல்லிவிட்டேன். இப்போது ஞாயிறு காலையில், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஆராதனைக்குப் போகிறேன். ஜெபிக்கவே கூச்சமாக இருக்கிறது. (ஒரு மாணவர்)

பதில்: தம்பி, இயேசுவின் சீடரான பேதுருவை, அவரைத் தெரியாது என்று மறுதலிக்க வைத்தது வாளேந்திய சேவகன் அல்லன், பிரதான ஆசாரியரின் முற்றத்தில், குளிர்காய்ந்துகொண்டிருந்த இடத்தில், ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட சாதாரணக் கேள்வி. பெரிய உபத்திரவத்துக்கு ஆயத்தமாக இருந்த மனிதர் ஒரு கேலிக்குமுன் விழுந்துபோனார். அவர் விழுவதற்கு முன்பே ஆண்டவர் அவரிடம், 'நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்; நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து' என்று சொல்லியிருந்தார். விழப்போகிறார் என்று தெரிந்தே அவருக்கு வேலையும் ஒதுக்கி வைத்திருந்தார். கூச்சம் இருக்கிறது என்பதற்காக ஜெபத்தை நிறுத்தாதீர்கள். அந்தக் கூச்சத்தையே அவரிடம் சொல்லுங்கள்.

விடுதி முழுவதையும் கூட்டி அறிக்கையிட வேண்டியதில்லை. கேள்வி கேட்ட அந்த நண்பனிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தனியாக இருக்கும்போது, 'அன்றைக்கு நீ கேட்டாயே, நான் கிறிஸ்தவன்தான். கூட்டத்தில் சொல்லக் கூச்சப்பட்டு இல்லை என்று சொல்லிவிட்டேன்' என்று சொல்லுங்கள். அவன் சிரிக்கலாம், இரண்டு நாள் கேலியும் செய்யலாம். அதற்குக் கோபப்படாதீர்கள்; ஏன், எதற்கு என்று உண்மையாகவே கேட்டால், பேதுருவே பிற்காலத்தில் எழுதியபடி, 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' பதில் சொல்லுங்கள். அவனுடைய சாமியைப் பற்றி ஒரு சொல்லும் தாழ்த்திப் பேசாதீர்கள். வருகிற ஞாயிறு முதல், எங்கே போகிறாய் என்று கேட்பவர்களிடம் ஆராதனைக்குப் போகிறேன் என்றே சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.